இறங்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கைதட்டு

ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர்கிட்ட, நாள்கணக்குல பலூன்ல பறந்து கடல் தாண்டுறவங்களைப் பத்தி வாய் ஓயாம பேசிட்டிருந்தேன். மனுஷன் டீயை உறிஞ்சிக்கிட்டே, "பணம் கொழுத்தவன் சாக வழி தேடுறான், இதுக்கு நீ ஏன் உருகுற?"ன்னு ஒரே போடா போட்டுட்டார். அப்போ பதில் வரல. ராத்திரி யோசிச்சதுல வந்ததுதான் இந்தப் பதிவு :-)

பலூனுக்கு ஸ்டீயரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், அவ்ளோதான். இந்த நீண்டதூரப் போட்டிகள்ல பறக்கிறது ஹீலியமோ ஹைட்ரஜனோ அடைச்ச பலூன். ஏறணும்னா மணலைக் கொட்டணும், இறங்கணும்னா வாயுவைத் திறந்துவிடணும். ரெண்டுமே போனா போனதுதான். இடிமேகத்துல மாட்டினா காத்து பலூனைச் சரசரன்னு மேல தூக்கும். வாயு விரிஞ்சு வெளியேறிடும். அடுத்து அதே மேகம் கீழ தள்ளும்போது கொட்டுறதுக்கு மணல் பத்தாது. தரையில இறங்கும்போதும் காத்து என்ன வேகமோ அதுதான் கூடையோட வேகம். மரமோ கரண்ட் கம்பியோ ஒதுங்கி வழிவிடாது.

இதுல பெரிய போட்டி 1906-ல ஆரம்பிச்ச கார்டன் பென்னட் கோப்பை. அதிக தூரம் போறவங்களுக்குத்தான் பரிசு. எனக்கு இடிக்கிறது இங்கதான். வானிலை சரியில்லைன்னு முன்னாடியே இறங்கினவர் தோத்தவர்! 1923-ல பிரஸ்ஸல்ஸ்ல வானம் மோசமா இருந்தும் போட்டியைக் கிளப்பினாங்க. மின்னல் தாக்கி 5 பேர் செத்தாங்க.

1977-ல பென் அப்ரூஸோ, மேக்ஸி ஆண்டர்சன்னு ரெண்டு அமெரிக்கர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பினாங்க. புயல்ல மாட்டி ஐஸ்லாந்து பக்கம் கடல்லயே இறங்கிட்டாங்க. தோல்விதான். ஆனா உயிர் மிஞ்சுச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல லாரி நியூமனையும் சேர்த்துக்கிட்டு, டபுள் ஈகிள் 2-ல 137 மணி நேரம் பறந்து பிரான்ஸ்ல இறங்கினாங்க. அட்லாண்டிக்கைத் தாண்டின முதல் பலூன் அதுதான். முந்தின வருஷம் இறங்காம இருந்திருந்தா இது ஏது?

அதே ஆண்டர்சன் 1983-ல பாரிஸ்லேர்ந்து கிளம்பின போட்டியில, கிழக்கு ஜெர்மனி எல்லைக்குள்ள போயிடக் கூடாதுன்னு இறங்கப் பார்த்தார். கூடை பலூனை விட்டுக் கழண்டு விழுந்துடுச்சு. கூட இருந்த டான் ஐடாவும் அவரும் செத்துட்டாங்க. இறங்குற நேரத்தை அவங்க முடிவு பண்ணல, எல்லைக்கோடு முடிவு பண்ணுச்சு.

2010-ல அப்ரூஸோவோட மகன் ரிச்சர்டும் கரோல் ரைமர் டேவிஸும் பிரிஸ்டல்லேர்ந்து கிளம்பி, ஏட்ரியாட்டிக் கடல் மேல இடிமழையில காணாமப் போனாங்க. டிசம்பர்ல ஒரு மீன்பிடிப் படகு கண்டெடுத்தப்போ ரெண்டு பேரும் கூடைக்குள்ளயே இருந்தாங்க. கத்துக்குட்டிங்க இல்ல, 2004-ல அதே கோப்பையை ஜெயிச்ச ஜோடி.

அவங்க முடிவு தப்புன்னு சொல்ல, ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கிற எனக்குத் தகுதியில்ல. ஆனா கடல் மேல போனப்புறம் இறங்க இடம் கிடையாது. கரை தாண்டுறதுக்கு முன்னாடியே முடிவெடுத்தாகணும். அப்போ தலைக்கு மேல வானம் தெளிவாக்கூட இருக்கலாம், இன்னொரு பலூன் முந்திப் போயிட்டிருக்கலாம். அந்த நேரத்துல "போதும், இறங்கிடலாம்"னு சொல்றதுக்கு, கிளம்புறதைவிட அதிகத் துணிச்சல் வேணும்னு எனக்குத் தோணுது.

நாளைக்கு நண்பர்கிட்ட இதைத்தான் சொல்லப் போறேன். சாக வழி தேடுறவங்க இல்ல பாஸ், நாமதான் தூரத்தை மட்டும் பார்த்துக் கைதட்டிட்டிருக்கோம். கோப்பை தூரத்துக்கே போகட்டும். நேரத்தோட இறங்கினவங்க பேரையும் யாராவது எழுதி வைக்கலாம் இல்லையா? என்ன சொல்றீங்க மக்களே?