குடலுக்கு மதிப்பெண்

மோஷன் டெஸ்ட் என்றாலே முகம் சுளித்த குடும்பங்களில் இப்போது ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, சாம்பிளைக் கூரியரில் அனுப்புகிறார்கள். பதிலுக்கு வண்ண வண்ணமாக ஒரு ரிப்போர்ட் வருகிறது. குடலில் எந்த பாக்டீரியா எத்தனை சதவீதம், நூற்றுக்கு எத்தனை மதிப்பெண், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, எல்லாம் அதில் உண்டு. மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் சொந்தக்காரர்கள் அதை என்னிடம் நீட்டுகிறார்கள். தண்டச் செலவு என்கிறேன், கோபித்துக்கொள்கிறார்கள்.

மரபணு வாசிப்பின் அருமை தெரியாமல் சொல்லவில்லை. நாங்கள் கல்ச்சர் போட்ட காலத்தில், காற்றுப் பட்டாலே சாகிற குடல்வாசிகள் சாதாரணத் தட்டில் தலைகாட்டவே மாட்டார்கள். 1977-இல் கார்ல் வோஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு நுண்ணுயிர்களின் வம்சாவளியையே திருத்தி எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் 16எஸ் மரபணு வாசிப்பு. எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் அந்த மரபணுவின் நீளம் ஏறக்குறைய 1,500 எழுத்து. அதில் சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். வளர்க்காமலேயே இன்னார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் மலிவான சோதனைகள் அந்த 1,500-இல் ஒரு துண்டைத்தான் வாசிக்கின்றன. பேரினம் வரை தெரியும். அதற்குக் கீழே பெரும்பாலும் ஊகம். செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் சேர்ந்தே வரும். தடித்த செல்சுவர் உள்ளவற்றைப் பொடிமணிகளோடு போட்டுக் குலுக்கி உடைக்காவிட்டால் அவை குறைவாகத் தெரியும். கையில் கிடைப்பதும் விகிதம்தான், எண்ணிக்கை அல்ல. ஒன்று குறைந்தாலே இன்னொன்று பெருகியதுபோல் காட்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். 'நார்மல்' யாருடையது? ஒரு ரிப்போர்ட்டில் ப்ரிவோடெல்லா என்ற பாக்டீரியாவுக்குச் சிவப்புக் குறி, 'அதிகம்' என்று. அமெரிக்காவின் ஹியூமன் மைக்ரோபயோம் திட்டம் 2012-இல் வெளியிட்ட அளவுகோல் அந்நாட்டின் ஆரோக்கியமான 242 பேரிடம் எடுத்தது. போபாலிலும் கேரளத்திலும் 110 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்விலோ, இந்தியக் குடலில் ப்ரிவோடெல்லா தூக்கலாக இருந்தது. தானியமும் பருப்பும் தின்கிற குடலில் அது இருப்பதில் என்ன அதிசயம்? அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்து ஒரு பெண் பருப்பையே நிறுத்தியிருந்தாள். திட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

இதே வாசிப்பு டாக்காவில் செய்த வேலையைப் பாருங்கள். அங்குள்ள ஆய்வாளர் தஹ்மீத் அகமதும் அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் ஊட்டம் குன்றிய குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் வயதுக்கேற்ப முதிராமல் நிற்பதைக் கண்டார்கள். எந்த உணவு அதை முதிரவைக்கும் என்று தேடி, கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் சேர்த்து ஒரு கலவை செய்தார்கள். அந்நகரின் மிர்பூர் குடிசைப் பகுதியில் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில், வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் குழந்தைகள் கூடுதலாகத் தேறினார்கள். முடிவு 2021-இல் வெளிவந்தது. நால்வகைப் பொருளும் நம் மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கிடைப்பவை.

நம் அங்கன்வாடிச் சத்துமாவையும் இந்தக் கண்ணோடு சோதித்துப் பார்க்க அரசு பணம் ஒதுக்கட்டும். குடல் சோதனைக் கிட் விற்பவர்களோ, எந்தத் துண்டை வாசித்தார்கள், எந்த ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டார்கள் என்பதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வரட்டும்.