மேய்ச்சல் சுருங்கும்போது பெரிய மாடு கைகொடுக்குமா?

போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை பக்கம் மலைமாட்டுப் பட்டி வைத்திருப்பவரா நீங்கள்? மேய்க்க இடம் சுருங்கிவரும் நேரத்தில் இந்த யோசனை உங்களுக்கும் வந்திருக்கும்: தலைகளைக் குறைத்துவிட்டு, கலப்பினக் காளை சேர்த்து உருவத்தில் பெரிய மாடாக உண்டாக்கினால் என்ன? வியாபாரி எடையைப் பார்த்துத்தானே விலை சொல்கிறார்.

இடம் சுருங்குவது உண்மைதான். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குக் குறைத்தது. 2025 ஆகஸ்டில் போடி அருகே மேய்ச்சல் உரிமை கேட்டுப் போராட்டமே நடந்தது. வழக்கும் பேச்சும் எப்படிப் போனாலும், கிடைக்கிற புல்லில் எந்த மாடு நமக்குக் கட்டும் என்பதை நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

250 கிலோ பசு ஒன்று, 400 கிலோ பசு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலும் இல்லை, சினையும் இல்லை. உயிரோடு நின்று நடமாடுவதற்கு மட்டும் பெரிய பசுவுக்குச் சிறியதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் தீவனம் வேண்டும். அதாவது 10 பெரிய பசு தின்னும் புல்லில் 14 சிறிய பசு பிழைக்கும். புல் தாராளமாக இருந்தால் இதில் யாருக்கும் பெரிய நட்டமில்லை. அங்கே 10 பெரிய கன்று, இங்கே 14 சிறிய கன்று; மொத்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

புல் குறையும்போதுதான் வித்தியாசம் தெரியும். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். வயிறு நிரம்பாத பசு முதலில் நிறுத்துவது சினைப்பருவத்தைத்தான். கோடையில் சரிவு காய்ந்து கிடக்கும்போது பெரிய உடம்புக்குத்தான் பற்றாக்குறை சீக்கிரம் வரும். ஈத்து இடைவெளி 12 மாதத்திலிருந்து 18 மாதமாக நீண்டால், 6 வருடத்தில் 6 கன்றுக்குப் பதில் 4 கன்றுதான். ஒரு மாட்டில் 2 கன்று போன இழப்பை, கூடுதலாக வந்த எடை ஈடுகட்டுமா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கும் அமெரிக்காவிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. அங்கே 1970களில் 450 கிலோ அளவில் இருந்த பசுக்கள் இன்று 600 கிலோவைத் தொட்டுவிட்டன. ஆனால் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் கன்றின் எடை அந்த அளவுக்கு ஏறவில்லை. அங்கும் இப்போது நடுத்தர உருவம் போதும் என்று சொல்பவர்கள் பெருகியிருக்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்ற சான்று இருந்தால்தான் பொதுவாக மாட்டை அறுக்க முடியும். அடிமாட்டு விலை என்பது கடைசியில் ஒரே ஒரு முறை வரும் பணம். அதுவரை பட்டியை ஓட்டுவது கன்று விற்ற காசும், சாணமும், கம்பம் பள்ளத்தாக்கு வயல்களில் கிடை போட்டு வரும் வரும்படியும்தான். வருடா வருடம் ஈனாத பசு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன!

எல்லாருக்கும் சின்ன மாடுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கீழே தண்ணீர் வசதியோடு நிலம் வைத்து, கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் அறுத்துப் போடுபவருக்குப் பெரிய மாடு தாங்கும். மேய்ச்சல் அனுமதி தலைக்கணக்கில் கிடைக்கும் இடத்திலும், ஆள்கூலி கடிக்கும் இடத்திலும், கொஞ்சம் எடை கூடிய பசு லாபமாக இருக்கலாம். சரிவில் ஏறி இறங்கி மேயும் பட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

காளை சேர்க்கும்போது கவனமாக இருங்கள். சின்ன மலைக்கிடேரிக்கு முதல் ஈத்திலேயே பெரிய இனத்தின் விந்தூசி போட்டால், கன்று வெளிவராமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மலைமேல் பட்டியில் ராத்திரி நேரத்தில் டாக்டரை எங்கே தேடுவது? தவறாமல் ஈனும் பசுவின் வயிற்றில் பிறந்த மலைக்காளையையே பொலிகாளையாக நிறுத்துங்கள்.

உங்கள் மாட்டின் எடை தெரியாவிட்டால் தையல்கார டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையான நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் சுமார் 273 கிலோ. பக்கத்திலேயே கடைசி இரண்டு ஈத்தின் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சந்தைக்கு எதை ஓட்டுவது என்று முடிவெடுக்கும்போது, முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு எடையைப் பாருங்கள்.