தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம்!

காஞ்சிபுரத்துச் சாயப் பட்டறைகளில் வேலை செய்யும் தொழிலாளியின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? விரலிடுக்கில் வெடிப்பு. புறங்கையில் செதில். மணிக்கட்டு வரை சிவப்பு. இரவெல்லாம் அரிப்பு. ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "இவன் உடம்புக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி!" குற்றவாளி தொட்டித் தண்ணீர் அல்லவாம், தொழிலாளியின் தோலாம்!

இந்தப் பதிலை நாம் ஏற்பதற்கில்லை.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? கச்சா பட்டு நூலின் மேல் இயற்கையான பசை ஒன்று படிந்திருக்கிறது. நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதுதான். அது நீங்கினால்தான் பட்டுக்குப் பளபளப்பு. அதற்காக நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் காய்ச்சுகிறார்கள். பிறகு சாயமும் அமிலமும் சேர்ந்த சுடுநீரில், நூல் கட்டுகளைக் கம்பில் மாட்டித் திருப்பித் திருப்பித் தோய்க்கிறார்கள். பட்டின் பசையையே கரைக்கிற சரக்கு, மனிதத் தோலின் எண்ணெய்ப் பசையை மட்டும் விட்டுவைக்குமா? அது போன தோல் வறளும், வெடிக்கும், வெடிப்பின் வழியே அமிலமும் சாயமும் உள்ளே இறங்கும். இதில் மர்மம் ஏதுமில்லை.

பட்டணத்து நீச்சல் குளங்களிலும் இதே பேச்சுத்தான். குளோரின் கலந்த நீரில் நீந்தி எழுந்தவருக்குக் கண் எரிந்தால், தோல் அரித்தால், அதையும் அலர்ஜி என்பார்கள். பெரும்பாலும் அது அலர்ஜியே அல்ல. குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் என்ற பொருள் தரும் எரிச்சல். அங்கே என்ன செய்கிறார்கள்? நீரைச் சோதிக்கிறார்கள், மாற்றுகிறார்கள். வைத்தியம் நீருக்கு நடக்கிறது! பட்டறையில் மட்டும் ஏன் வைத்தியம் தோலோடு நின்றுவிடுகிறது? குளம் பிடிக்காதவர் நாளைக்குப் போகாமல் இருக்கலாம். தொட்டிக்குப் போகாதவர் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்தக் குளோரின் பட்டறைக்கும் வருகிறது. கையில் ஏறிய கறையைப் போக்க பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கைகழுவும் பழக்கம் சாயத் தொழிலில் உண்டு. குளத்து நீரை விடப் பன்மடங்கு கடுமையானது அது. தோழர்களே, கறை இருந்துவிட்டுப் போகட்டும்! நாளாவட்டத்தில் அது தானே மறையும். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் கலந்தாலோ நச்சு வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து.

உண்மையான அலர்ஜியும் உண்டு. மறுக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு சாயத்துக்கு உடம்பு பகையாகிவிட்டால் சிறிதளவு பட்டாலும் தோல் பொங்கும். ரியாக்டிவ் வகைச் சாயத்தூளைச் சுவாசித்தவர்களுக்கு இழுப்பு வருவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். அப்போதும் வியாதியைக் கொடுத்தது தொழில்தான்!

நாம் இன்றே செய்யக்கூடியவை சில. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கைகழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஓட்டைக் கையுறை வேண்டாம். உள்ளே தேங்கும் சாயநீர் வெறுங்கையை விட அதிகம் கெடுக்கும். தூளை அள்ளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். எந்தச் சாயம் தோய்த்த நாளில் அரித்தது என்று குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போனால் உங்கள் வேலை இன்னதென்று சொல்லி, சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள்.

அந்தச் சீட்டு ஏன்? சட்டம் இந்த வியாதியை அறியும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில் வியாதிப் பட்டியலில், இரசாயனப் பொருள்களால் வரும் தோல் வியாதியும் சேர்க்கப்பட்டிருந்தது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் "அலர்ஜி" என்ற ஒரே சொல்லால் அதை அடித்துவிடப் பார்க்கிறார்கள். வியாதி உடம்பினுடையது என்றாகிவிட்டால் நஷ்டஈடு யார் கொடுப்பது?

ஆலையில் பிளீச்சிங் பகுதியில் நிற்கும் தோழருக்கும், சேற்றுப்புண்ணோடு நாற்று நடும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்தப் பதில் புதிதல்ல. எனவே நம் கோரிக்கையும் ஒன்றே: நல்ல கையுறை முதலாளி செலவில், கைகழுவ வேலையிடத்திலேயே நல்ல தண்ணீர், டப்பாவில் உள்ள சாயத்தின் பெயர் தொழிலாளிக்குத் தெரியவேண்டும், கை ஆறும்வரை கூலியோடு விடுப்பு.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சேலைக்கு முத்திரை உண்டு. சேலைக்கு நிறம் கொடுத்த கைக்கு மருந்து உண்டா? அதற்குப் பதில் வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.