விரிக்கப்படாத வலை

நுழையும்முன்

கூடாரத்தின் உச்சியில் ஊஞ்சலாடும் கலைஞருக்குக் கீழே வலை விரித்திருப்பார்கள். அவர் பிடி தவறினால் அது தாங்கிக்கொள்ளும். ஆட்டம் முடிந்து கூடாரத்தை விட்டு வெளியே வந்தபின் அவர் வாழ்க்கைக்குக் கீழே அத்தகைய வலை உண்டா? கைத்தட்டலோடு கடமை முடிந்தது என்று எண்ணும் சமூகத்தின் முன் இக்கட்டுரை அவ்வினாவை வைக்கிறது.

தலையற்ற மனிதனும் தனித்த சிறுமியும்

ஒரு வீடு. தந்தை செய்தித்தாளில் மூழ்கியிருக்கிறார். தாய் தம் நினைவுகளில் தொலைந்திருக்கிறார். அவர்களின் மகளான சிறுமி சலிப்போடு அமர்ந்திருக்கிறாள். அப்போது கதவு திறக்கிறது. கையில் குடை பிடித்த ஓர் உருவம் உள்ளே நுழைகிறது. அதற்குத் தலையில்லை. அது கொண்டுவந்த தொப்பியைச் சிறுமி எடுத்து அணிந்துகொண்டதும் வீடு மறைந்து வேறோர் உலகம் விரிகிறது. பட்டுத்துணியைப் பற்றி வானில் சுழலும் பெண், பெரிய சக்கரத்தினுள் நின்று உருளும் ஆடவன், ஒருவர் தோள்மீது ஒருவராய் ஏறிக் கோபுரமாகும் கூட்டம், சொல்லின்றிச் சிரிக்கவைக்கும் கோமாளி என அவ்வுலகில் வியப்புக்குக் குறைவில்லை.

கனடா நாட்டின் 'சர்க் டு சொலே' என்னும் குழு 1996ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரில் அரங்கேற்றிய 'கிடாம்' என்னும் நிகழ்ச்சியின் தொடக்கம் இது. குழுவின் பெயருக்குக் 'கதிரவனின் சர்க்கஸ்' என்பது பொருள். 'கிடாம்' என்னும் இலத்தீன் சொல் பெயர் அறியப்படாத யாரோ ஒருவரைக் குறிக்கும். பிராங்கோ திராகோன் இயக்கிய இந்நிகழ்ச்சி, இருபது ஆண்டுகள் பல நாடுகளைச் சுற்றி வந்தது. புலியும் யானையும் இல்லாத மேடையில் மனித உடலும் கற்பனையும் இசையும் மட்டுமே நின்றன. ஆயினும் மக்கள் திரண்டனர். சர்க்கஸ் என்பது வெறும் வித்தை அன்று, அது நாடகத்திற்கும் நடனத்திற்கும் இணையான நிகழ்த்துகலை என்பதை அந்த மேடை நிறுவியது. கலை என்று ஒப்புக்கொண்டால், கலைக்குரிய கல்வியையும் கலைஞருக்குரிய காப்பையும் மறுக்க முடியாது.

வட்டம் பிறந்த கதை

இன்றைய சர்க்கஸின் பிறப்பிடம் இலண்டன். குதிரைப்படையில் பணியாற்றிய பிலிப் ஆஸ்ட்லி என்பவர் 1768ஆம் ஆண்டில் அங்குக் குதிரையேற்றப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். குதிரை வட்டத்தில் ஓடும்போது அதன் முதுகில் நிற்பவர் உட்புறம் சாய்ந்து நிலைகொள்ள முடியும் என்பதை அவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார். அவர் நிலைநிறுத்திய ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ள வட்டமே இன்றளவும் உலகெங்கும் சர்க்கஸ் அரங்கின் அளவாக இருந்து வருகிறது. குதிரை ஓட்டத்தின் இடைவேளைகளில் மக்களை அமர்த்தி வைக்க, கயிற்றில் நடப்போரையும் கோமாளிகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். இடைவெளியை நிரப்ப வந்தவர்களே பின்னாளில் அரங்கின் உயிராயினர்.

1859ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜூல் லெயோதார் என்னும் இளைஞர் ஓர் ஊஞ்சலிலிருந்து மற்றோர் ஊஞ்சலுக்குத் தாவிக் காட்டினார். சர்க்கஸ் அதன்பின் மண்ணை விட்டு வானுக்கு எழுந்தது. கோமாளிக் கலைக்கும் தனி வரலாறு உண்டு. இலண்டன் நாடக மேடைகளில் புகழ்பெற்ற ஜோசப் கிரிமால்டி (1778-1837) கோமாளிக் கலையின் தந்தையாகப் போற்றப்படுகிறார். அவர் நினைவாக இலண்டன் தேவாலயம் ஒன்றில் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் வழிபாடு நடைபெறுகிறது. அங்குக் கோமாளிகள் முழு ஒப்பனையோடு வந்து அமர்வர். தம் முன்னோரை நினைக்கும் மரபு ஒரு தொழிலுக்கு இருக்குமானால், அத்தொழில் தன்னைக் கலையாக உணர்ந்திருக்கிறது என்பதே பொருள்.

கியூபெக் காட்டிய வழி

சர்க் டு சொலேயின் தொடக்கம் எளியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பே-சென்-பால் என்னும் சிற்றூரில், மரக்கால் கட்டி நடந்தும் தீ ஊதியும் இசைத்தும் தெருவில் பிழைத்த இளைஞர்கள் கூடினர். அவர்களுள் ஒருவரான ஜில் சென்-குருவா, அரசின் உதவியைப் பெறும்பொருட்டு, தம் ஊரிலிருந்து கியூபெக் நகரம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவை மரக்காலிலேயே நடந்து கடந்தார். ஜாக் கார்த்தியே என்னும் கடலோடி கனடாவுக்கு வந்த 450ஆம் ஆண்டு விழாவை 1984இல் அம்மாகாணம் கொண்டாடியபோது, இவ்விளைஞர்களின் குழுவுக்கு அரசு வாய்ப்பளித்தது. கீ லாலிபெர்த்தே, சென்-குருவா ஆகியோர் முன்னின்று நடத்திய அக்குழுவே சர்க் டு சொலே.

எனினும் இவ்வெற்றியின் வேர் குழுவில் மட்டும் இல்லை. அக்குழு பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1981இல், மாண்ட்ரியலில் தேசிய சர்க்கஸ் பள்ளி தோன்றிவிட்டது. அங்கு மாணவர்கள் உடற்பயிற்சியோடு மொழியும் கணக்கும் அறிவியலும் கற்கின்றனர். வித்தை கற்பதற்காகப் பள்ளிப் படிப்பைத் துறக்க வேண்டியதில்லை. இரஷ்யாவிலோ 1927ஆம் ஆண்டிலேயே மாஸ்கோவில் அரசின் சர்க்கஸ் பள்ளி நிறுவப்பட்டது. சர்க்கஸ் செழித்த இவ்விடங்களில் அதன் பின்னே பள்ளி இருந்தது.

தலச்சேரியின் பெருமையும் தளர்ச்சியும்

இந்தியாவிற்கு இக்கலை புதிதன்று. விஷ்ணுபந்த் சத்ரே என்னும் மராட்டியக் கலைஞர் 1880ஆம் ஆண்டில் மும்பையில் முதல் இந்திய சர்க்கஸைத் தொடங்கினார். கேரளத்துத் தலச்சேரியில் களரிப் பயிற்சியும் உடற்பயிற்சியும் கற்பித்து வந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன், 1901ஆம் ஆண்டில் அருகிலுள்ள சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அவரிடம் பயின்றோரும் அவர் வழிவந்தோரும் நாடெங்கும் சர்க்கஸ் குழுக்களை அமைத்தனர். தலச்சேரி இந்திய சர்க்கஸின் தொட்டில் எனப்பட்டது.

இன்றோ கூடாரங்கள் அருகிவிட்டன. தொலைக்காட்சியும் கைபேசியும் மக்களைப் பறித்துக்கொண்டன என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. அதே தொலைக்காட்சிக் காலத்தில்தான் கியூபெக்கின் கூடாரங்கள் நிரம்பின. ஆகவே காரணத்தை வேறிடத்திலும் தேட வேண்டும்.

தடை பாதி அறம்

இந்திய சர்க்கஸின் போக்கை இரண்டு தடைகள் மாற்றின. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதை 1998ஆம் ஆண்டில் நடுவண் அரசு தடைசெய்தது. உச்சநீதிமன்றம் 2001இல் அதை உறுதிசெய்தது. பின்னர் 2011ஆம் ஆண்டில், சர்க்கஸில் குழந்தைகளைப் பணியமர்த்துவதைத் தடைசெய்யுமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

இரு தடைகளும் நேர்மையானவை. கூண்டில் அடைபட்டு, சாட்டைக்கு அஞ்சி ஆடும் விலங்கின் வித்தையைக் கலை என்று அழைக்க இயலாது. பெற்றோரின் வறுமையால் கூடாரத்தில் விடப்பட்ட குழந்தையின் வளைந்த முதுகைக் கண்டு கைத்தட்டுவதும் பண்பாகாது. இத்தடைகளால் சர்க்கஸ் அழிந்தது என்று வருந்துவோர், அது எவற்றின் துன்பத்தின்மேல் நின்றிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால், தடை விதிப்பது பாதி அறமே. விலங்கை விடுவித்த சமூகம், அவ்விலங்கு நின்ற இடத்தில் மனிதக் கலை வளரத் துணை செய்திருக்க வேண்டும். குழந்தையை விடுவித்த சமூகம், அக்குழந்தை படித்துக்கொண்டே விரும்பிப் பயிலும் பள்ளியைத் தந்திருக்க வேண்டும். உடலை வளைக்கும் கலை இளமையில் பயிலவேண்டிய ஒன்று. சீருடற்பயிற்சி வீரர்களும் நடனக் கலைஞர்களும் இளமையிலேயே தொடங்குகின்றனர். அவர்களுக்குப் பயிலகமும் பயிற்றுநரும் சான்றிதழும் உண்டு. சர்க்கஸ் கலைஞருக்கு மட்டும் கூடாரமே பள்ளியாக இருந்தது. அக்கதவு அடைக்கப்பட்டது சரியே. மாற்றுக் கதவு திறக்கப்படாததுதான் பிழை. கேரள அரசு 2010இல் தலச்சேரியில் சர்க்கஸ் பயிலகம் ஒன்றைத் தொடங்கியது நல்ல முயற்சி. அது நீடித்து நிலைக்காமற்போனது, ஒரு மாநிலத்தின் தனி முயற்சி மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது.

எழும் மறுப்புகள்

இக்கருத்துக்கு மறுப்புகள் எழலாம். பெரும்பொருள் செலவிட்டு, உயர்ந்த கட்டணத்தில் நடத்தப்படும் மேலைநாட்டுக் காட்சியை, எளிய மக்கள் குறைந்த காசில் கண்டு மகிழும் இந்தியக் கூடாரத்தோடு ஒப்பிடலாமா என்று சிலர் வினவுவர். வினா பொருளுடையதே. ஆனால், கடன்பெற வேண்டியது ஒளியையும் ஒப்பனையையும் அன்று, பள்ளியைத்தான். பள்ளிக்குக் கண்ணைப் பறிக்கும் விளக்குகள் வேண்டா. நல்ல கூடம், நல்ல ஆசிரியர், உறுதியான வலை ஆகியவை போதும்.

பெருங்குழுக்களே கலைஞரைக் காக்கும், அரசு எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. இதற்கு வரலாறே விடை தருகிறது. 2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது, உலகப் புகழ்பெற்ற சர்க் டு சொலே தன் பணியாளரில் பெரும்பாலோரை நீக்கியது. கடன்காரர்களிடமிருந்து காப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. உலகமே வியந்த கலைஞர்கள் சில நாள்களுக்குள் வேலையிழந்தனர். அதே குழுவின் கலைஞர் இருவர், 2013இல் லாஸ் வேகாஸிலும் 2018இல் தாம்பாவிலும், நிகழ்ச்சியின்போதே விழுந்து உயிரிழந்தனர். செல்வம் மிக்க குழுவிலும் இக்கலை உயிரைப் பணயம் கேட்கிறது. எனில், எளிய கூடாரத்தில் ஆடுவோரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? முதுமையுற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்குக் கேரள அரசு ஓய்வூதியம் வழங்குவது பாராட்டத்தக்கது. அது எல்லா மாநிலங்களிலும் வேண்டும். காப்பீடும் உடன் வேண்டும்.

விலங்கில்லையேல் வருவோர் இலர் என்னும் மூன்றாம் மறுப்பைக் காலமே பொய்யாக்கிவிட்டது. அமெரிக்காவின் பழம்பெரும் 'ரிங்லிங் பிரதர்ஸ்' சர்க்கஸ் 2017இல் மூடப்பட்டு, 2023இல் விலங்குகளின்றியே மீண்டும் ஊர்வலம் புறப்பட்டது.

கழைக்கூத்தின் மண்

கயிற்றின்மேல் ஆடுவோரையும் அவர்களுக்காக முழங்கும் பறையையும் குறுந்தொகை அறிந்திருக்கிறது. ஆகவே தமிழ் மண்ணுக்கும் இக்கலையோடு உள்ள உறவு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அண்மைக்காலம் வரை ஊர்ச் சந்தியில் இரு மூங்கில் கவைகளுக்கிடையே கயிறு கட்டி, கையில் கழி ஏந்தி நடந்த கழைக்கூத்தாடிகளைக் காணாத சிற்றூர் இல்லை எனலாம். பார்த்தோர் வியந்தனர்; தட்டில் சில நாணயங்கள் விழுந்தன; பின் கூட்டம் கலைந்தது. அக்கயிற்றில் நடந்த சிறுமி எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று கேட்டோர் சிலரே.

தரையில் நட்ட மரத்தூணில் ஏறி உடலை வளைக்கும் மல்லர்கம்பம் விழுப்புரம் பகுதியில் இன்றும் பயிலப்படுகிறது. 2018இல் மும்பையில் சர்க் டு சொலே அரங்கேற்றிய 'பஜார்' நிகழ்ச்சியில் இக்கம்ப வித்தையும் இடம்பெற்றது. உலக மேடை இக்கலையை வரவேற்கிறது. அம்மேடைக்கு ஏறும் படிகளையே உள்ளூரில் கட்ட வேண்டும். மல்லர்கம்பத்திற்குக் கிடைத்துள்ள விளையாட்டு என்னும் மதிப்பு, கழைக்கூத்துக்கும் கூடாரக் கலைக்கும் கிடைக்கக் கூடாதா?

நிறைவாக

சர்க்கஸ் கூடாரத்தில் ஒரு நொடி உண்டு. ஊஞ்சலை விட்ட கை, எதிரே நீளும் கையை இன்னும் பற்றாத நொடி அது. அரங்கம் மூச்சடங்கிக் காத்திருக்கும். பற்றும் கையின்மேல் கொண்ட நம்பிக்கையால்தான் கலைஞர் தாவுகிறார். இந்நாட்டின் சர்க்கஸ் கலையும் இன்று அந்நொடியில்தான் நிற்கிறது. பழைய ஊஞ்சலை அது விட்டுவிட்டது; விலங்குகளையும் குழந்தைகளையும் விடுவித்துவிட்டது. எதிரே நீளவேண்டிய கை, பள்ளியாகவும் காப்பீடாகவும் ஓய்வூதியமாகவும் நீள வேண்டும். அதை நீட்ட வேண்டியது அரசும் சமூகமும் ஆகும். கைத்தட்டுவதற்கு உயரும் கைகள், தாங்குவதற்கும் நீளட்டும்.