பழைய ஐ5-இல் விண்டோஸ் 11: கடையில் சொல்லாத பாதி

விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக் கொண்டது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பின்னர் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான். "என் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கு ஏற்றதல்ல என்று திரையில் வருகிறது. ஆனால் கடையில் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். போட்டுக் கொள்ளலாமா?"

போட முடியும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் இருப்பது அந்த ஒரே கம்ப்யூட்டர் என்றால், அதில்தான் மகளின் கல்லூரிப் படிப்பும் உங்கள் பேங்க் கணக்கும் இருக்கின்றன என்றால், போட வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். மாற்று வழிகளையும் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஓரகடம் சுற்று வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. டெல் நிறுவனம் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் தொழிற்சாலை தொடங்கியது. எச்.பி. லேப்டாப்கள் அங்கே பிளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் தயாராவதாக 2021-இல் அறிவிப்பு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார், ஓரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான் கார். இந்த ஆலைகளில் லைனில் நின்று வேலை பார்த்தவருக்குத் தெரியும், ஒரு பாகம் சரியாகப் பொருந்தி விட்டது என்பதற்காக வண்டியை வெளியே அனுப்பி விட மாட்டார்கள். பாகத்தின் எண் சரியா, அந்த மாடலுக்கு உரியதா, சோதித்தவர் ஒப்புதல் கொடுத்தாரா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கட்டம். பிராண்டட் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். பயாஸ், டிரைவர், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் சேர்த்துச் சோதித்துத்தான் பெட்டியில் வைக்கிறார்கள்.

ஆனால் அதே ஆலையில் வேலை செய்பவர் தீபாவளி போனஸில் வீட்டுக்கு வாங்குவது பெரும்பாலும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர். விலை குறைவு, பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். நல்ல முடிவுதான், நானே அதைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மதர்போர்டு ஒரு கம்பெனி, எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு கம்பெனி, ப்ராசசர் ஏதோ ஒரு ஆபீஸில் கழற்றப்பட்டது. இவற்றின் மேல் எந்த சிஸ்டம் சரியாக நிற்கும் என்று சோதித்துச் சொல்ல ஆலை எதுவும் இல்லை. அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது.

முதலில் என்ன வாங்கினோம் என்று தெரிந்து கொள்ள வேண்டும். கடையில் உரையாடல் இப்படித்தான் போகும்.

"அண்ணே, இது எந்த ப்ராசசர்?"

"ஐ5 தம்பி. சூப்பரா ஓடும்."

ஐ5 என்பது ஒரு வரிசையின் பெயர். இன்டெல் அந்தப் பெயரை 2009 முதல் பயன்படுத்தியது. பெயருக்குப் பின் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை. ஐ5-3470 மூன்றாம் தலைமுறை, ஐ5-4570 நான்காம் தலைமுறை, ஐ5-6500 ஆறாம் தலைமுறை. நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கத்தைப் பாருங்கள். ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கம்: ஐ5-10400 பத்தாம் தலைமுறை, ஐ5-12400 பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் பட்டியல், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ஏ.எம்.டி. என்றால் ஏறக்குறைய ரைசன் 2000 வரிசையிலிருந்து.

இதில் ஒரு குழப்பம் உண்டு. எச்61, எச்81 மதர்போர்டுகள் இன்றும் புத்தம் புதிதாக, சீல் பிரிக்காத பெட்டியில் கிடைக்கின்றன. ஆனால் எச்61-இல் பொருந்துவது 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வந்த ப்ராசசர். எச்81-இல் பொருந்துவது நான்காம் தலைமுறை. கேபினெட் புதிது, போர்டு புதிது, எஸ்.எஸ்.டி. புதிது, உள்ளே இருக்கும் மூளை மட்டும் பத்து ஆண்டுக்கும் மேல் பழையது. அது தவறில்லை. டைப் செய்யவும், இணையம் பார்க்கவும், ஆன்லைன் வகுப்புக்கும் இது தாராளமாகப் போதும். புதிது என்று நினைத்து வாங்கியவர் ஏமாந்து போகிறார், அவ்வளவுதான்.

சரி, விண்டோஸ் 11 என்ன கேட்கிறது? பட்டியலில் உள்ள 64 பிட் ப்ராசசர், 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், செக்யூர் பூட் வசதியுள்ள யூ.இ.எஃப்.ஐ. பயாஸ், டி.பி.எம். 2.0. கடைசியில் சொன்னது, பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன் சாவி போன்றவற்றைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பகுதி. இன்ஸ்டால் செய்யும்போது இவை இருக்கின்றனவா என்று சிஸ்டம் சோதிக்கிறது. ரூஃபஸ் போன்ற இலவச புரோகிராம் மூலம் பென் டிரைவ் தயாரித்தால், "இந்தச் சோதனைகளை நீக்கு" என்று ஒரு டிக் போதும். கடைக்காரர் செய்வது இதைத்தான். சோதனை நீங்கி விடும். இல்லாத டி.பி.எம். எங்கிருந்தும் வந்து விடாது.

போட்ட மறுநாள் எல்லாம் நன்றாகவே இருக்கும். மாதாந்திர அப்டேட்களும் நடைமுறையில் பெரும்பாலும் வருகின்றன. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். ஆனால் தகுதியில்லாத கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் பெறும் உரிமை இல்லை, பாதுகாப்பு அப்டேட் உட்பட, என்று மைக்ரோசாப்ட் முன்பே எழுதி வைத்திருக்கிறது. அத்துடன், விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், புரோ பயன்படுத்துவோருக்கு 24 மாதம்தான் ஆயுள். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாற வேண்டும். பட்டியலில் உள்ள கம்ப்யூட்டருக்கு அது தானாக வரும். உங்களுக்கு வராது. நீங்களே ஐ.எஸ்.ஓ. பைலை இறக்கி, பேக்கப் எடுத்து, மறுபடி சோதனையைத் தாண்டிப் போட வேண்டும். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய எத்தனை பேர் இதைச் செய்வார்கள்?

நடந்ததையே பாருங்கள். கோர் 2 டுவோ கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 போட்டுக் கொண்டவர்கள் நிறையப் பேர். 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு, பாப்கவுன்ட் என்ற கட்டளையை ப்ராசசர் புரிந்து கொண்டாக வேண்டும் என்று கேட்டது. கோர் 2 டுவோவில் அந்தக் கட்டளையே கிடையாது. இது டிக் அடித்து நீக்கக் கூடிய சோதனை அல்ல. சிஸ்டம் பூட் ஆகவே ஆகாது. ஆகவே இவர்கள் 23எச்2 பதிப்பிலேயே நின்று விட்டார்கள். அதற்கான சப்போர்ட் 2025 நவம்பர் 11-இல் முடிந்தது. பழைய விண்டோஸ் 10-இலேயே இருந்தவர்களை விட இவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 28 நாள். அதற்கு விலையாக, விண்டோஸ் 10-க்கு மட்டும் தரப்பட்ட நீட்டிப்பையும் இழந்தார்கள். அதைப் பற்றிப் பிறகு.

மைக்ரோசாப்ட் செய்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஐ5-7500 ப்ராசசர் 2017-இல் வந்தது. விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர் 5. நான்கே ஆண்டுதான். அந்த ப்ராசசருடன் வரும் பல போர்டுகளில் டி.பி.எம். 2.0 வசதியும் உண்டு, இருந்தும் பட்டியலில் இடம் இல்லை. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்வது, ஒரு ஸ்கிராப் குவியலை நம் ஊரில் வளர்ப்பதற்குச் சமம். கோபம் வருவது சரிதான். ஆனால் அந்தக் கோபத்தில் நாம் எடுக்கும் முடிவால் மைக்ரோசாப்டுக்கு நஷ்டம் இல்லை, நமக்குத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. "ஏற்றதல்ல" என்று திரையில் வந்தாலே உண்மையில் ஏற்றதல்ல என்று முடிவு கட்டி விட வேண்டாம். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களில் டி.பி.எம். வசதி இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதுண்டு. இன்டெல் போர்டில் இதன் பெயர் பி.டி.டி.; ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். அதை எனேபிள் செய்து சேவ் செய்தால் போதும். மைக்ரோசாப்டின் பி.சி. ஹெல்த் செக் புரோகிராம் எது குறைகிறது என்று தனித்தனியாகக் காட்டும். சிஸ்டம் இன்பர்மேஷன் பகுதியில் பயாஸ் மோட் "லெகஸி" என்று இருந்தால், ஹார்டு டிஸ்க் எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டிருக்கலாம், அதை ஜி.பி.டி. ஆக மாற்ற விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. பேக்கப் எடுக்காமல் இதில் கை வைக்கக் கூடாது. பத்து நிமிட வேலை. இதைப் பார்க்காமலேயே சோதனையை நீக்கிப் போட்டுத் தருவதுதான் எனக்குப் பிடிக்காத வழக்கம்.

பிடிக்காதது இன்னொன்றும் உண்டு. போட்ட கையோடு "ஆக்டிவேட்" செய்ய ஒரு சிறு புரோகிராமை ஓட்டுவார்கள். அது ஓட ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்லும். டி.பி.எம். இல்லாததை விட இது பல மடங்கு ஆபத்து. உள்ளே வேறு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் பாஸ்வேர்டைத் தட்டாதீர்கள்.

சுங்குவார்சத்திரம் பக்கத்து இளைஞர்களுக்கு வேறொரு ஆசையும் உண்டு. அங்கே பாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன் தயாராகிறது. போனைத் தயாரிக்கும் ஊரில், அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் மேக் ஓ.எஸ். போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஹேக்கின்டோஷ் என்பார்கள். ஆப்பிள் உரிம விதிப்படி அந்த சிஸ்டம் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் இப்படிப் போட்டு விற்று, 2009-இல் கோர்ட்டில் தோற்றது. அதை விட முக்கியமாக, மேக் ஓ.எஸ். 26 டஹோதான் இன்டெல் ப்ராசசரில் ஓடும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்து விட்டது. இனி இதில் நேரம் செலவழிப்பது வீண்.

அப்படியானால் பழைய ஐ5-இல் எதைப் போடுவது? விண்டோஸ் 10 இன்னும் இருந்தால், 22எச்2 பதிப்பாக இருந்தால், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்யும் வழி இருக்கிறது. 2025-இல் அறிவித்தபோது இதற்கு 2026 அக்டோபர் 13 வரை என நாள் குறித்தார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான அழைப்பு தெரியும். செட்டிங்ஸ் ஒத்திசைவை ஏற்றுக் கொண்டால் பணம் தர வேண்டியதில்லை.

நீண்ட நாளைக்கு என்றால் லினக்ஸ் மின்ட். இதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இரண்டாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம், ஒரு எஸ்.எஸ்.டி. இருந்தால் அழகாக ஓடும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வை-பை, சவுண்ட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா எனப் பார்த்த பிறகு இன்ஸ்டால் செய்யலாம். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். நம் மாநிலத்திற்கு லினக்ஸ் புதிதல்ல. எல்காட் நிறுவனம் 2000-களின் பிற்பகுதியிலேயே தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தந்தார்கள். அந்த லேப்டாப் பரணில் கிடந்தால், எடுத்து மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

டேலி வைத்துக் கணக்கு எழுதுபவருக்கு இந்த யோசனை பொருந்தாது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அவர்கள் வருமானமே அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதால், எட்டாம் தலைமுறைக்கு மேல் ஒரு ப்ராசசரும் போர்டும் வாங்கி மாற்றிக் கொள்வதே மேல். கேபினெட், எஸ்.எஸ்.டி., மானிட்டர் பழையதே போதும். ராம் மட்டும் மாற்ற வேண்டி வரும்; நான்காம் தலைமுறை வரை டி.டி.ஆர்.3, புதிய போர்டுகளில் அது பொருந்தாது.

வீட்டில் இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்று சும்மா இருக்கிறது, பாலிடெக்னிக் படிக்கும் தம்பி நோண்டிப் பார்க்க ஆசைப்படுகிறான் என்றால் தாராளமாக அதில் விண்டோஸ் 11-ஐப் போட்டுப் பார்க்கட்டும். தனி எஸ்.எஸ்.டி.யில் போடட்டும், குடும்பப் படங்கள் அதில் வேண்டாம். அவன் கற்றுக் கொள்வது பின்னால் வேலைக்கு உதவும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் பில்லில் மூன்று விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: ப்ராசசரின் முழு எண், போடப்பட்ட சிஸ்டத்தின் பெயரும் அது லைசென்ஸ் உள்ளதா என்பதும், சோதனையை நீக்கிப் போட்டதா இல்லையா என்பதும். "அதெல்லாம் எழுத மாட்டோம் சார்" என்று சொன்னால், சிஸ்டம் எதுவும் போடாமல் வெறும் கம்ப்யூட்டராகக் கொடுக்கச் சொல்லி, அதற்குரிய தொகையைக் குறைத்துக் கொண்டு வாங்கி வாருங்கள்.