மத்தியஸ்தர் விளக்கம் சொல்லட்டும்

ஆசிரியருக்கு,

2023 மார்ச் 3இல் பெங்களூரில் நடந்த இந்திய சூப்பர் லீக் ஆட்டத்தின் மேலதிக நேரத்தில், எதிரணி தடுப்புச் சுவர் அமைக்குமுன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். எதிர்த்தாடிய கேரளா பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. விரைந்து உதைப்பதை விதி அனுமதிக்கிறது. மத்தியஸ்தர் காத்திருக்கச் சொன்னாரா என்பதில்தான் இரசிகர்கள் பிரிந்து நின்றார்கள். வெளியேறியது தவறு, அதற்கு விதிக்கப்பட்ட 4 கோடி இந்திய ரூபாய் தண்டமும் நியாயமே. ஆனாலும் அந்தக் கேள்விக்கு மைதானத்திலேயே பதில் கிடைத்திருக்க வேண்டும்.

விளக்கம் சொன்னால் மத்தியஸ்தரின் மதிப்புக் குறையும் என்பார்கள். அதே ஆண்டு மகளிர் உலகக் கிண்ணத்தில், காணொளி பார்த்து எடுத்த தீர்ப்புகளை மத்தியஸ்தர்களே ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். ஆட்டம் ஒழுங்காகவே நடந்தது. காணொளி உதவி எட்டாத எங்கள் தீவக மைதானங்களுக்கு இத்தகைய விளக்கம் இன்னும் அவசியம். இறுதியாட்டங்களிலாவது சர்ச்சைத் தீர்ப்பின் காரணத்தை அணித் தலைவர்களிடம் உடனே சொல்லி, ஒலிபெருக்கியிலும் அறிவிக்க உதைபந்தாட்ட லீக்குகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகர்,
சாட்டி, வேலணை.