சிக்கனச் செலவு

பண்டைத் தமிழில் 'செலவு' என்னும் சொல் வழிப்போக்கைக் குறித்தது. இற்றை வழக்கில் அது கைப்பொருள் கழிதலைக் குறிக்கின்றது. இரண்டும் செல்லுதல் என்னும் ஒரு வினையடியாகப் பிறந்தனவே. முன்னைச் செலவு நீளுமிடத்துப் பின்னைச் செலவும் நீளுதலைப் பயணஞ் செய்து மீண்டார் யாவரும் அறிவர். அங்ஙனமாயின், பொருள் குறைந்தோர் ஊர் காணும் இன்பத்தை இழந்தே தீரவேண்டுமோ? வேண்டுவதில்லை என்பது எமது கொள்கை. அதனை அமெரிக்க ஐக்கிய நாட்டில் வழங்கும் வண்டிவீட்டுப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுக் கூறப் புகுகின்றோம். நம் கல்லூரியின் பழைய மாணவருட் சிலர் அந்நாட்டிற் குடியிருத்தலானும், அவர்தம் பெற்றோர் அங்குச் சென்று மீளுதலானும், இப்பொருள் நம்மவர்க்கு முற்றும் புறம்பானதன்று.

ஆர்.வி. எனச் சுருங்க வழங்கும் அவ்வண்டியில் படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை முதலியன அமைந்திருக்கும். தானே இயங்குவதுமுண்டு, காரின் பின்னே கட்டி இழுக்கப்படுவதுமுண்டு. இதனைச் செல்வர்தம் விளையாட்டென எண்ணுவார் உளர். வரலாறு அங்ஙனம் கூறவில்லை. 1919-ஆம் ஆண்டில் ஃபிளாரிடா மாகாணத்துத் தாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்னும் பெயருடன் ஒரு கூட்டத்தார் சங்கம் அமைத்தனர். தகரக் குவளையொன்றைக் காரின் முகப்பில் அடையாளமாகப் பொருத்தி, கூடாரத்திலும் தாமே மாற்றியமைத்த வண்டிகளிலும் தங்கிச் சென்ற அவர்களே இவ்வழியின் முன்னோருட் சிறந்தார். தம் எளிமையை நாணி மறையாது அதனையே கொடியாக உயர்த்தினர்.

சிக்கனம் வண்டி தேடுமிடத்தே தொடங்குகின்றது. புது வண்டி வாங்கிய நாள்தொட்டே விலையில் இறங்கும். கடனோ பத்தாண்டு, பதினைந்தாண்டு, சிலபோது இருபதாண்டுகாறும் தொடரும். வண்டியின் மதிப்புக் கடனின் மிச்சத்தினுங் குறைந்துபோக, விற்கவும் இயலாது வைத்திருக்கவும் மாட்டாது வருந்துவார் உண்டு. ஆண்டிற்கு இரண்டு வாரமே வெளியே தங்குவோர், வட்டி, இன்ஷூரன்ஸ், நிறுத்துமிடத்து வாடகை, பழுதுபார்த்தல் ஆகிய யாவற்றையும் கூட்டிப் பார்ப்பின், சாதாரணக் காரிற் சென்று விடுதியில் தங்குதலே மலிவென்று பெரும்பாலும் காண்பர். வண்டிவீடு தானே பணத்தை மிச்சப்படுத்தும் என்று நம்பற்க. சில நாட்களுக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தோ, கூடாரத்தோடு சென்றோ, தம் விருப்பத்தை முதலிற் சோதித்தறிதல் நன்று.

வாங்கியே தீர்வதெனின், துணிச்சுவர் கொண்டு மடங்கும் சிறிய இழுவண்டியொன்றைப் பிறர் பயன்படுத்தியதாகவே வாங்கலாம். கூரையின் மூலைகளிலும் சாளரத்தின் அடியிலும் நீர்க்கசிவின் கறை உண்டோவென நோக்குக. உள்ளே மரம் உளுத்திருப்பின் மலிவே பெருநட்டமாய் முடியும். டயரின் பக்கத்திற் பொறித்த குறியில் இறுதி நான்கு எண்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருப்பின் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்க. ஓடாது நின்ற வண்டியின் டயர் தேயாமலே மூப்படையும்.

அடுத்துக் கருதற்பாலது எரிபொருள். பெரிய வண்டியொன்று காலனுக்கு 8 மைல் ஓடுமெனக் கொள்வோம். 1,000 மைலுக்கு 125 காலன் வேண்டும். காலன் 3 டாலராயின் 375 டாலர் புகையாய்ப் போகும். அப்பயணத்தையே 300 மைலுக்குள் அமைப்பின் 113 டாலருக்குள் முடியும். எனவே, சிக்கனத்தின் முதல் விதி தொலைவைக் குறைத்தலும் ஓரிடத்தில் நெடிது தங்குதலுமாம். பத்து நாட்களில் ஐந்து மாகாணங்களைக் கண்டேனென்று பெருமை பேசுவோன் பெரும்பாலும் சாலையையே கண்டிருப்பான். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு வாரம் தங்கினோன் அங்குக் காலையில் எப்பறவை கூவும் என்பதையும் அறிவான். பணத்தின் நன்மையும் மனத்தின் நன்மையும் இவ்விடத்து ஒன்றுபடுகின்றன.

இனித் தங்குமிடம். மின்சாரமும் நீரும் கழிவுநீர்க் குழாயும் தரும் தனியார் இடங்களில் இரவொன்றுக்கு 50 டாலருக்கு மேற்படக் கேட்பன பல. ஆயின், அந்நாட்டு அரசின் 'பீரோ ஆஃப் லாண்ட் மானேஜ்மென்ட்' என்னும் துறையின் பொறுப்பில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் நிலம் உள்ளது. அதிற் பெரும்பகுதி மேலை மாகாணங்களிலும் அலாஸ்காவிலும் கிடக்கின்றது. விலக்கப்படாத இடங்களில், 28 நாட்களுள் 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்குதல் அங்குப் பொது விதி. தேசீய வனங்களிலும் இத்தகைய உரிமை உண்டு. நாட்கணக்கு இடந்தோறும் வேறுபடும். அரிஸோனாவில் குவார்ட்ஸைட் என்னும் சிற்றூரின் அருகே லா போசா என்ற பாலைநிலம் உள்ளது. 2024-இல் அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குதற்குக் கட்டணம் 180 டாலரே. பருவம் முழுதும் தங்குவார்க்கு இரவொன்றுக்கு ஒரு டாலரும் ஆகாது.

தேசீயப் பூங்காக்களுட் புக ஆண்டுச் சீட்டொன்று உண்டு. 2026 ஜனவரி முதல் அதன் விலை அந்நாட்டில் குடியிருப்போர்க்கு 80 டாலர், ஏனையோர்க்கு 250 டாலர். 62 வயது நிரம்பிய குடிமக்களும் நிலையான குடியுரிமை பெற்றோரும் 80 டாலருக்கு ஆயுட்காலச் சீட்டுப் பெறலாம்; அதனைக் கொண்டு அரசின் முகாம்கள் பலவற்றில் பாதிக் கட்டணத்தில் தங்கவும் கூடும். மக்களைக் காணச் செல்லும் நம் நாட்டுப் பெற்றோர் இச்சலுகைக்கு உரியரல்லர் என்பதை முன்னரே அறிந்து கணக்கிடுக.

கட்டணமில்லா நிலத்தில் வசதியும் இல்லை. குழாய் இராது, குப்பைத் தொட்டி இராது. ஒரு காலன் நீர் 8 இராத்தலுக்கு மேல் எடையுள்ளதாதலின், நிறைந்த தொட்டியோடு நெடுந்தூரம் ஓடுதல் எரிபொருளை விழுங்கும். தங்குமிடத்திற்கு அண்மையிலுள்ள ஊரில் நிரப்புதலே தகும். அரிசி, பருப்பு, வற்றல் ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டுசெல்வோர்க்கு வழியோர உணவுக்கடை தேவைப்படாது. பயணத்திற்கென ஒதுக்கிய தொகையில் ஐந்திலொரு பங்கைப் பழுதுக்கென்று தொடாது வைத்தல் எமது அறிவுரை.

இவை யாவும் கைக்கணக்கு. இதனினும் பெரிய கணக்கொன்று உண்டு. பொதுநிலம் எவர்க்கும் உரியதென்பதனால், அது தமக்கு மட்டும் உரியதென்பதுபோல் நடப்பார் சிலர். குப்பையை எறிவர், கழிநீரை மண்ணில் விடுவர், தீயை அணையாது செல்வர். அதன் பயனாக அதிகாரிகள் அவ்விடத்தை அடைத்துவிடுகின்றனர். அடைபடுமிடத்துச் செல்வன் தனியார் முகாமுக்குப் பணங் கொடுத்துச் செல்வான். எளியோன் எங்குச் செல்வான்? 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீடிழந்து, முதுமையில் வண்டியே வீடாகக் கொண்டு, பருவந்தோறும் வேலை தேடி அலைந்தோரைப் பற்றி 'நோமாட்லாண்ட்' என்னும் நூல் 2017-இல் வெளிவந்தது. நமக்கு விடுமுறையாகும் அந்நிலம் அத்தகையோர்க்குப் புகலிடம். ஒருவன் விட்டுச்சென்ற குப்பை மற்றொருவன் கூரையைப் பறித்தல் கூடும். ஆதலின், கொண்டுசென்றதை மீளக் கொண்டுவருதல் நாகரிகம் மட்டுமன்று, நீதியுமாம்.

நண்பர்களே! கடன்பட்டுச் செய்யும் பயணம் வீடு திரும்பிய பின்னும் முடிவதில்லை. திங்கள்தோறும் தவணையாய்த் தொடரும். நம் கைக்கேற்ற வண்டியிற் குறுவழி சென்று, நெடிது தங்கி, வந்த சுவடு தெரியாமல் மீள்வோமாக. அங்ஙனம் செய்யின், செலவு என்னும் சொல்லின் பழம்பொருளை நாம் துய்க்கலாம். புதுப்பொருளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.